வெள்ளவத்தையில் கொடுத்த பிளவுஸைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்கு

ஆவணியில் எங்கள் வீட்டில் ஒரு கலியாணம். வவுனியாவில் இருந்து கொழும்புக்குப் போய்த் துணி எடுத்துத் தைத்து வரும் பொறுப்பு என்னிடம் வந்தது. இதே வேலையாகப் பலரும் வெள்ளவத்தைக்கு வருவதால் வழியையும் செலவையும் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் துணியை விட வேறொன்றுதான் முன்னே வந்து நிற்கிறது.

காலி வீதியில் சேலை எடுத்த கடையிலேயே பிளவுஸையும் தைக்கக் கொடுத்தேன். நான்கு நாளில் தருவதாகச் சொன்னார்கள். நான்காம் நாள் போனபோது, "தையல் நடக்கிறது கொட்டாஞ்சேனையில. அவசரம் எண்டா நேர போய் எடுங்கோ" என்று விலாசத்தைச் சொன்னார்கள். வெள்ளவத்தையில் வாங்கும் தையல் வெள்ளவத்தையில்தான் நடக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வெள்ளவத்தை நிலையத்தில் காலை ஒன்பதரைக்கு ரயில் ஏறினால் இருபது நிமிடத்தில் கோட்டை. இடப்பக்கம் இருங்கள், வழி முழுவதும் கடல். அங்கிருந்து கொட்டாஞ்சேனை மூன்று கிலோமீற்றர் இருக்கும். ஓட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். கொச்சிக்கடையில் வண்டி அசையாமல் நின்றது.

"செவ்வாய்க்கிழமையில இந்தப் பக்கம் வரக் கூடாது தங்கச்சி, கோயில் சனம்" என்றார் ஓட்டோக்காரர். "நடந்து போறவன் நம்மளப் பாத்துச் சிரிச்சிட்டுப் போறான் பாருங்க."

தையல் அறை ஓர் இரும்புக் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு மெஷின்கள், இரண்டு பெண்கள். மேரி அக்கா கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவர், நாற்பது வயது தாண்டியவர். வசந்தா மதுரைப் பக்கத்துப் பெண், விசிட் விசாவில் வந்து தைக்கிறவள். என் பிளவுஸுக்குக் கொக்கி வைப்பது மட்டும் பாக்கி.

"கல்யாணம் உங்களுக்காங்க?" என்று வசந்தா கேட்டாள். நான் சிரித்தேன்.

"கேட்டாலும் சொல்லமாட்டா" என்றார் மேரி அக்கா. "வவுனியா ஆக்கள் வாயைத் தைச்சிட்டுத்தான் கொழும்புக்கு வாறது."

கொக்கி வைத்தபடியே அவர் தன் கதையைச் சொன்னார். முன்பு அவருக்கு மாதச் சம்பளமும் ஓய்வுகாலத்துக்கான சேமலாப நிதியும் இருந்தன. அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்தியது. "சட்டம் சம்பளத்தைக் கூட்டின மாசமே முதலாளி என்னைச் சம்பளத்தில இருந்து எடுத்துட்டார். இப்ப துண்டுக்கூலி. ஒரு பிளவுஸுக்கு இவ்வளவு, அவ்வளவுதான்." கூலி போதாது என்று கேட்டபோது, இந்தியாவில் இருந்து அதிலும் குறைவாகத் தைக்க ஆள் வரும் என்றாராம் முதலாளி. சொன்னபடியே வசந்தா வந்தாள். மேரி அக்கா தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்திருந்தார். "எந்த நாளிலயும் வந்து பாக்கலாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அந்த நாள் அதுவாகவே இருந்தது. முதலாளி படியேறி ஓடி வந்தார். ஒரு பிளவுஸை எடுத்து வசந்தாவின் கையில் திணித்து அவளை என் பக்கத்துக் கதிரையில் உட்கார வைத்தார். "நீ கஸ்டமர். வாய் திறக்காத." அவளுக்கு இது பழக்கம்போல் இருந்தது.

வந்த அதிகாரி ஒரு சிங்களப் பெண். இங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று நிதானமாக, நல்ல தமிழில் கேட்டார்.

"இது வேலைத்தலமே இல்ல மிஸ்" என்றார் முதலாளி. "இவ துண்டுக்குத் தைக்கிறவ. மனம் வந்தா வருவா, வராட்டி இல்ல."

அப்போது என் பக்கத்தில் இருந்த வசந்தா, மடியில் கிடந்த பிளவுஸின் கை ஓரத்தில் நீண்டிருந்த நூலைக் கண்டாள். குனிந்து அதைப் பல்லால் கடித்து அறுத்து, விரலால் நீவி விட்டாள். எந்த வாடிக்கையாளரும் அப்படிச் செய்வதில்லை. அதிகாரி அதைப் பார்த்துவிட்டார்.

"இவங்களும் இங்க தைக்கிறவங்களா?" என்று மேரி அக்காவிடம் கேட்டார்.

ஆம் என்றால் அது வேலைத்தலம் ஆகிவிடும், மேரி அக்காவின் முறைப்பாடு நிற்கும். ஆனால் வசந்தா மாட்டிக்கொள்வாள். இல்லை என்றால் வசந்தா தப்புவாள், மேரி அக்கா மனம் வந்தால் வருகிறவராகவே இருந்துவிட வேண்டியதுதான்.

மேரி அக்கா மெஷினில் இருந்து கையை எடுத்தார். "ஓம் மிஸ். நாங்க ரெண்டு பேரும்தான், ஒவ்வொரு நாளும். சட்டச் சம்பளத்தை அவளுக்கும் போடச் சொல்லுங்க. அவளுக்குக் குறைச்சுக் குடுக்க ஏலுமா இருக்கிறதாலதான் எனக்கும் குறையுது."

முதலாளிக்குக் கோபம் தலைக்கேறியது. "வேலை விசாவே இல்லாதவளுக்குச் சட்டச் சம்பளமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

"விசா பாக்கிறது என்ட வேலை இல்ல" என்றார் அதிகாரி. "ஆனா இவ்வளவு சொன்ன பிறகு எழுதாம இருக்க ஏலாது." வசந்தா பிளவுஸை மடித்து மேசையில் வைத்தாள். கொக்கி வேலை பாதியில் நின்றதால் அன்று என் பிளவுஸ் கிடைக்கவில்லை.

சம்பளத்தைச் சட்டத்தால் உயர்த்தினால் வேலை அழியும் என்றும் அழியாது என்றும் இரு பக்க வாதங்களையும் வாசித்திருக்கிறேன். அந்த மாடியில் வேலை அழியவில்லை. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத ஒருத்தியின் கைக்குப் பாதி நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். அவளையும் கணக்கில் எடுக்காத சட்டம் மேரி அக்காவையும் காக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தைக்க நான்கு நாள் போதாது, ஒரு கிழமைக்கு மேல் வையுங்கள். கொச்சிக்கடை வழியாகச் செவ்வாயில் போகாதீர்கள். துணி விலையில் பேரம் பேசலாம், தையல் கூலியில் பேசாதீர்கள். எங்கே தைக்கிறார்கள் என்று கேளுங்கள், முடிந்தால் போய்ப் பாருங்கள்.

ஒரு கிழமை கழித்து நான் மறுபடி போனேன். மேரி அக்கா தனியாக இருந்தார். மாதச் சம்பளம் திரும்பிவிட்டதாகச் சொன்னார். வசந்தா ஊருக்குப் போய்விட்டாள்.

"போகமுன்னம் என்னோட ஒரு வார்த்தை கதைக்கல்ல" என்றார். "ரெண்டு பேருக்கும்தானே கேட்டேன், ஒரு ஆளுக்குத்தான் கிடைச்சது. நான் கேட்டது பிழையா தங்கச்சி?"

"பிழையில்லை அக்கா" என்றேன்.

பிளவுஸைப் பையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"நீங்க சொல்லி என்ன? அதை அவதானே சொல்லணும்."