எண்ணூர் திருப்பத்தில் விழுங்கிய மாத்திரை

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தண்டையார்பேட்டையில் ஒரு சைக்கிள் கடையில் ஃபிட்டராக இருந்தேன். அந்த வட்டாரத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு சைக்கிள் பந்தயம் நடத்துவார்கள். ராயபுரத்தில் கிளம்பி, கடலோரமாக எண்ணூர் போய்த் திரும்பி வர வேண்டும். கடையின் பெயர் எழுதிய பனியனோடுதான் ஓட்டுவோம். எந்தக் கடை ஆள் ஜெயிக்கிறானோ, தீபாவளி வரைக்கும் அந்தக் கடையில் வண்டி விற்றுத் தள்ளுவார்கள். அதனால் முதலாளிகள் யாரும் அதை விளையாட்டாக நினைத்ததே இல்லை.

எனக்குப் போட்டி காலடிப்பேட்டைக்காரர் ஒருவர். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற வேலை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். எதிர்க்கடைக்காக ஓட்டினார்.

அந்த வருஷம் எண்ணூர் வரை இருவரும் ஒட்டியே போனோம். திரும்புகிற இடத்தில் அவர் வேகத்தைக் குறைத்து, டிராயர் பையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் அவரைப் பிடிக்கவே முடியவில்லை. அரை பர்லாங்கு வித்தியாசத்தில் தோற்றேன்.

மூச்சு வாங்கிக்கொண்டே என் முதலாளியிடம் அதைச் சொன்னேன். புகாராகச் சொல்லவில்லை, ஆற்றாமையில் சொன்னேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். நேரே பரிசு மேடைக்குப் போய், "ஓட்டினது காலு இல்ல, மருந்துல்லா ஓட்டியிருக்கு" என்று கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

பந்தயக் கமிட்டிக்காரர்கள் விதிகள் எழுதிய தாளைப் பார்த்தார்கள். லாரியைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது, குறுக்குச் சந்தில் நுழையக் கூடாது என்று இருந்தது. மாத்திரையைப் பற்றி ஒரு வரி இல்லை. காலடிப்பேட்டைக்காரரைக் கேட்டபோது, "மூச்சு இழுப்புக்குத் துன்ற மாத்திரைங்க" என்றார். நம்பினவர்களும் இருந்தார்கள். ஆனால் பரிசு கொடுக்க வந்த டயர் வியாபாரி, இப்படிப் பேச்சு வந்த ஆளோடு நின்று படம் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். கோப்பை என் கைக்கு வந்தது. நான் வேண்டாமென்று சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கடையில் கூட்டம்.

எனக்குத்தான் மனசு ஒரு நிலையில் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோப்பையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு காலடிப்பேட்டைக்குப் போனேன். வாசலிலேயே இழுப்புச் சத்தம் கேட்டது. கயிற்றுக் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் பேசினார்.

"கரித்தூளு மார்ல பூந்துகினு கீதுபா. மாத்திரை இல்லாங்காட்டி இப்டித்தான். இவுரு பந்தயம் ஓட்டுன கடைக்காரருதான் வாங்கிக் குட்த்துகினு இருந்தாரு. இப்ப நிறுத்திட்டாரு."

எனக்குக் குழப்பம் இன்னும் கூடிற்று. நோய்க்காக வாங்கிக் கொடுத்தாரா, பந்தயத்துக்காகவா? கோப்பையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கொஞ்சம் மூச்சு அடங்கியதும் சொன்னார்:

"அது ஒன்னாண்டயே இருக்கட்டும் நைனா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் ரெண்டாவதா வந்திருந்தா, அந்த மாத்திரையப் பத்தி நீ வாயத் தொறந்திருப்பியா?"

கோப்பையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். அந்த மாத்திரை மூச்சுக்குழாயையும் திறக்கும், நெஞ்சையும் வேகமாக அடிக்க வைக்கும் என்றார். அது அவரை எனக்குச் சமமாக்கியதா, இல்லை என்னைவிட ஒரு படி ஏற்றியதா, அல்லது அந்தக் கொஞ்ச நேரத்தில் வேலையே செய்யவில்லையா என்றால், தனக்குச் சொல்லத் தெரியாது என்றார். கோப்பையை அவருக்கே கொடுக்கச் சொல்லிக் கமிட்டியிடம் பேசிப் பார்க்கலாமா என்று முதலாளியைக் கேட்டேன். "வித்த வண்டிய எல்லாம் திருப்பி வாங்க முடியுமாடே?" என்று வேலையைப் பார்க்கப் போனார். நானே போய்க் கமிட்டியிடம் சொன்னேன். பேப்பரில் வந்தாயிற்று, விடு என்றார்கள்.

அதற்கப்புறம் மாதாமாதம் அவர் வீட்டில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் மறுக்கவும் இல்லை, என்னிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அடுத்த வருஷப் பந்தயத்தில் அவரும் ஓட்டவில்லை, நானும் ஓட்டவில்லை.

அன்றைக்கு நியாயமாக ஜெயித்தது யார் என்று கேட்டால் இத்தனை வருஷம் கழித்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவர் ரெண்டாவதாக வந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.