குரங்கு இல்லாத படம்

தம்பிப் பாப்பாவைக் கூட்டிவர அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அப்பாவும் அங்கேயே இருந்ததால் என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாமாவின் தலையில் விழுந்தது. அம்மாவின் தம்பி, தரமணியில் கார்ட்டூன் படம் செய்யும் கம்பெனியில் வேலை. பிள்ளை வளர்ப்பில் அவருக்குத் தெரிந்தது லேப்டாப்பைத் திறப்பது மட்டும்தான்.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆட்டோ சத்தம் கேட்டால் பால்கனிக்கு ஓடுவேன். மாமாவின் போன் அடித்தால் பிடுங்கப் போவேன். தொல்லை தாங்காமல் அவர் ஒரு பழைய படம் போட்டார். பேச்சே இல்லாத கறுப்பு வெள்ளைப் படம். தொப்பி போட்ட நிஜ மனிதர் ஒருவர் தெருவில் நடக்கிறார். பேனாவால் வரைந்த குட்டிக் குரங்கு அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறது.

"குரங்கு எப்படி மாமா தெருவுக்கு வந்துச்சு?"

"வரல. அந்தாளு சும்மா கைய நீட்டிக்கிட்டுத் தனியா நடந்தாரு. குரங்க அப்புறமா வரைஞ்சு சேத்தாங்க."

எனக்கும் ஒரு குரங்கு வேண்டுமென்று அடம்பிடித்தேன். சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் மாமா போனில் படம் எடுக்க, நான் நடந்தேன். நடந்தேன் என்பதைவிட ஓடினேன் என்பதே சரி.

"மெதுவாடி! அது உன்னவிடக் குட்டி. கைய இன்னும் கீழ எறக்கு. குனிஞ்சு அதப் பாத்துச் சிரி."

பஜ்ஜிக் கடை அக்கா வேடிக்கை பார்த்தாள். "இன்னா பாப்பா, யார இட்டுக்கினு போற?"

"குரங்க," என்றேன்.

அப்போது மாமாவுக்குப் போன் வந்தது. பேசிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார். இன்னொரு தரம் எடுக்கச் சொல்லிச் சட்டையை இழுத்தேன். எடுத்தார். இந்த முறை ஓடியும் திட்டவில்லை.

நாலு நாள் கழித்து அம்மா பாப்பா இல்லாமல் வீட்டுக்கு வந்தாள். தம்பியை சர்ச்சில் இருக்கும் மாதா தன்னிடமே வைத்துக்கொண்டாள் என்றார் அப்பா. எப்போது திருப்பித் தருவாள் என்று கேட்டேன்.

மாமா அதற்குள் குரங்கை வரைந்து முடித்திருந்தார். அம்மாவுக்குக் கொஞ்சம் மனசு லேசாகட்டும் என்று அவளிடம் போனைக் கொடுத்தார். சிரிப்பாள் என்று நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய், குரங்கு போடறதுக்கு முன்னாடி எடுத்தது இருக்கா?"

மாமா தேடிக் கொடுத்தார். அதில் நான் கையைத் தாழ்த்தி, பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தைக் குனிந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே போகிறேன். அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

எனக்கு அழுகை முட்டியது. குரங்கின் மூஞ்சி சரியாக வரவில்லை, அதனால்தான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டினேன். வேறு நல்லதாக வரைந்து தரச் சொல்லி மாமாவைப் பிடித்து உலுக்கினேன்.