மழை விடட்டும் என்று இருந்தவள்

கடைத்தெருவில் அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் சொல்வார்கள். கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினோரு வருஷமாக வேலை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து லென்ஸில் புள்ளி வைத்து, ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்து, சூடு காட்டி வளைத்து, எறும்புத் தலை அளவு திருகாணியை முடுக்கிக் கொடுப்பாள். லென்ஸ் தேய்த்த மாவு எப்போதும் நகக்கண்ணில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். வயது முப்பத்தைந்து. அப்பா படுக்கையில் கிடந்த ஆறு வருஷத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு நின்றது. அப்பா போன பிறகு தம்பிக்குக் கல்யாணம் ஆனது. அவள் பேச்சை அம்மா உட்பட யாரும் மறுபடி எடுக்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கடைக்கு ஒரு பெயின்டர் வந்து போய்க்கொண்டிருந்தார். நாற்பதைத் தொட்ட மனுஷர். இரண்டு தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது தனக்கு வயதாகியிருந்தது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சுவருக்கு அடிக்கும் பெயின்டில் பாதி அவர் கண்ணாடியில்தான் இருக்கும்.

"இதைப் போட்டுக்கிட்டுப் பாத்தா ஊரே புள்ளி போட்ட புடவை மாதிரி தெரியுமே. எப்படித்தான் சுவத்தைக் கண்டுபிடிக்கறீங்க?" என்று முதல் நாள் கேட்டாள்.

"சுவரு எங்கேயும் ஓடாதுங்க. தடவிப் பாத்துக்குவேன்" என்றார்.

அவள் பஞ்சை நனைத்து ஒவ்வொரு புள்ளியாக எடுப்பாள். இரண்டு நிமிஷ வேலை. இருபது நிமிஷம் ஆகும். இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. ஒரு முறை அவர் வராமல் இருந்த வாரத்தில் தனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. தானே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

எப்போது கேட்பது என்பதில்தான் யோசனை. வெயில் காலத்தில் அவர் விடியும் முன்பே சாரத்தில் ஏறிவிடுவார். சாயங்காலம் கடைக்கு வந்தால் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவார். மழைக்காலத்தில் வேலையே இருக்காது. கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மனுஷரிடம் கல்யாணம் என்று போய் நின்றால் கூனிக் குறுகிவிடுவார். மழை விட்டு, சுவரெல்லாம் காய்ந்து, நாலு வீட்டுக்காரர்கள் அவரைத் தேடி வரும் நேரம் ஒன்று உண்டு. அப்போது அவர் முகமே வேறு. அதுதான் சரியான சமயம்.

இதைத் தம்பி மனைவியிடம் மட்டும் சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"என்ன அண்ணி, பழமா வாங்கப் போறீங்க, சீசன் பாக்கறதுக்கு? நாளைக்கே கேளுங்க."

"உனக்குத் தெரியாது. ஆம்பளைங்க ரோஷம் வேற."

அந்த வருஷம் மழை விடுவதாக இல்லை. அப்படி ஒரு மத்தியானம் அவர் வந்தார். குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். வேலைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்ததால் கண்ணாடியில் ஒரு புள்ளிகூட இல்லை. இருந்தாலும் கழற்றி நீட்டினார். அவளும் வாங்கித் துடைத்தாள்.

"வெளிநாட்டுல கப்பலுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் கேக்கறாங்க. மூணு வருஷம். நாளைக்குள்ள பதில் சொல்லணும்; சரின்னா உடனே கிளம்பணும்."

"ஓ."

"போகட்டுமா?"

போகாதீங்க என்று சொல்ல வாயெடுத்தாள். ஒரு மாதமாகச் சும்மா இருந்தவருக்கு இப்போதுதான் ஒரு வழி பிறந்திருக்கிறது; இந்த நேரத்தில் குறுக்கே விழக்கூடாது என்று விழுங்கிக்கொண்டாள்.

"நல்ல வேலைதானே. போயிட்டு வாங்க."

அவர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார். "சரி, அப்ப வரேங்க" என்று எழுந்து போனார்.

வீட்டில் இதைக் கேட்டதும் தம்பி மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"போகட்டுமான்னு ஒரு மனுஷன் உங்ககிட்ட வந்து எதுக்கு அண்ணி கேக்கணும்? நீங்க என்ன அவருக்கு மேஸ்திரியா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் எண்ணுக்குப் போன் செய்தாள்; மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டு அவர் தங்கியிருந்த அறையைத் தேடிப் போனாள். மாடிப்படி முழுக்க ஈரம். கூட இருந்தவர் கதவைத் திறந்து, "நேத்தே கிளம்பிட்டாரேம்மா. போனையும் என்கிட்ட கொடுத்துட்டுப் போயிட்டாரு. அது மழையில நனைஞ்சு சத்தமே வர்றதில்ல" என்றார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் கடை போன் அடித்தது. முதலாளி எடுத்து, "உனக்குத்தான்" என்று பின்னறைக்கு நீட்டினார்.

"நான்தாங்க. கண்ணாடிக் கூட்டுல கடை நம்பர் இருந்துச்சு. நல்லா இருக்கேன்னு சொல்லலாம்னு..."

அவள் எந்திரத்தை நிறுத்தினாள். முதலாளி கேட்டால் கேட்கட்டும் என்று நேராகவே சொன்னாள்.

"உங்களைக் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கணும்னு இருந்தேன். மழை விட்டதும் கேக்கலாம்னு வச்சிருந்தேன்."

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள்.

"போன மாசம் தங்கச்சி ஒரு இடம் பாத்தா. சரின்னு வாக்குக் கொடுத்துட்டேன். அந்தப் பொண்ணுகிட்டயும் பேசிட்டேன்."

"ம்."

"அன்னிக்கு மழையில சும்மாவா வந்தேன்? மழைக்காலத்துலதாங்க எனக்குப் பேசவே நேரம் இருந்துச்சு."

"வேலை இல்லாதப்ப கேட்டா சங்கடப்படுவீங்கன்னு நெனச்சேன்."

"வேலை இல்லாதவன்னுதான் நீங்க போகச் சொல்லிட்டீங்கன்னு நான் நெனச்சேன்."

அந்தப் பெண்ணை நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தாள். முதலாளி, "வீட்டுக்குப் போம்மா" என்றார். சாயங்காலம் கொடுக்க வேண்டியது இரண்டு இருக்கிறது என்று மறுத்துவிட்டாள். அதில் ஒன்றை அளவுக்கு மேல் தேய்த்துவிட்டாள். பதினோரு வருஷத்தில் அது முதல் தடவை. வேறு லென்ஸ் எடுத்து மறுபடி தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். இதுவரை அம்மாவிடம் மூச்சுவிட்டதில்லை. அன்றைக்கு ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போய்க் கேட்டிருப்பேனேடி. உனக்கு இதுல இஷ்டமே இல்லன்னு நெனச்சேன். கேட்டா கோவிச்சுக்குவியோன்னு இத்தனை வருஷம் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்."

அம்மாவுக்கு அழுகை அடங்கவில்லை. அவள்தான் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் தம்பி மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் அவளுக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள்.