துரை தூங்கும்போது விழித்திருந்தவர்கள்

செம்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் கலாராணியின் வீட்டுக்குக் 'குடைக்கார வீடு' என்று பெயர். தனி வீடெல்லாம் இல்லை. மேட்டு லயத்தில், வரிசையாய் ஒட்டி நிற்கும் அறைகளில் நான்காவது காம்பரா. முன்னால் திண்ணை மாதிரி ஒரு சின்ன இஸ்தோப்பு, காற்றுக்குப் பறந்துவிடாமல் கூரைத் தகரத்தின் மேல் ஏற்றி வைத்த கற்கள். ஐப்பசி மழைக்கு அந்தத் தகரம் அடுப்படியிலும் ஒழுகும், படுக்கையிலும் ஒழுகும். பெயர் மட்டும் நான்கு தலைமுறையாய் ஒழுகாமல் நின்றுவிட்டது.

அவளுடைய அப்பாவின் தாத்தா முத்துக்கருப்பன் அந்தத் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய பெரிய கங்காணி. துறையூர்ப் பக்கத்தில் ஊர் ஊராய் ஆள் பிடித்துக் கடல் தாண்டி இலங்கைக்குக் கூட்டி வந்தவர். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி எவனும் குடை விரிக்கக் கூடாது, செருப்புப் போட்டிருக்கக் கூடாது. அவர் ஒருவருக்குத்தான் இரண்டுக்கும் அனுமதி. கறுப்புக் கோட்டு, தங்கப் பொத்தான், காலில் சப்பாத்து, தலைக்கு மேல் குடை. அவர் வருவது தெரிந்தால் லயத்தில் அழுகிற பிள்ளைகூட வாயை மூடிக்கொள்ளும் என்பார்கள்.

பிறகு காலம் மாறியது. தொழிற்சங்கம் வந்தது, சுதந்திரம் வந்தது, அதன் பின்னாலேயே பிரஜாவுரிமையைப் பறித்த சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்துக்குக் கங்காணி மகன், கூலி மகன் என்ற வித்தியாசம் தெரியவில்லை. முத்துக்கருப்பனின் மகன், தன் அப்பாவிடம் அடி வாங்கியவர்களின் பிள்ளைகளுக்குப் பின்னால் பிரஜாவுரிமை கேட்டுப் பதுளைக் கச்சேரி அலுவலக வாசலில் வெயிலில் நின்றார். சொந்தத்தில் பாதிப் பேர் இரு நாட்டு ஒப்பந்தத்தில் இந்தியா போய் நீலகிரியில் மறுபடியும் தேயிலைதான் பறித்தார்கள். இருந்த பாதியில் கலாராணியின் அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தார். கலாராணி பதினெட்டு வயதில் கொழுந்துக் கூடையை நெற்றியில் மாட்டினாள்.

அவள் புருஷன் இராசையா தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தவன். தொழிற்சாலையை மூடி, கொழுந்தை லொறியில் வேறு தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு அவன் லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் கோவாவுமாய்க் காய்கறி போட்டான். மிச்ச நேரத்தில் போன். அந்தப் போனில் அவனுக்குப் பிடித்தது படமோ பாட்டோ இல்லை, ராஜ்ஜியங்களின் கதை. ரோமாபுரி எப்படி எழுந்தது, மங்கோலியக் குதிரைப்படை எப்படி ஓடியது, துருக்கியன் எப்படி விழுந்தான் என்று யாரோ ஒருவர் தமிழில் அழுத்தி அழுத்திச் சொல்லிக்கொண்டே இருப்பார். இராசையா சாப்பிடும்போதும் அதைக் கேட்பான்.

"கலா, வெள்ளக்காரன் ஏன் ஜெயிச்சான் தெரியுமா? கப்பல், துப்பாக்கி, நீராவி. இந்த மூணுந்தான்."

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். "நம்ம தோட்டத்துல எத்தன வெள்ளக்காரன் இருந்தானுங்க?"

"ஒரு பெரிய தொரை. அவருக்குக் கீழ ஒரு சின்னத் தொரை. சில வருஷம் அதுவும் இல்ல, ஒருத்தர்தான்."

"ஆளுங்க?"

"ஆயிரம் பேருக்கு மேல இருக்கும்."

"அந்த ஒருத்தன் தூங்கவே மாட்டானா? அவன் தூங்குறப்ப இந்த ஆயிரம் பேரும் என்னா பண்ணிக்கிட்டு இருந்தாங்க?"

இராசையா சிரித்தான். "அவன் நல்லாத்தான் தூங்கினான். ஒங்க கங்காணிப் பாட்டன்ல முழிச்சிருந்தாரு!"

கேலிக்குத்தான் சொன்னான். ஆனால் அந்தச் சொல் கலாராணியின் மனதில் முள்ளாய்த் தைத்துவிட்டது. கொஞ்ச நாளில் மறந்தும் போனாள்.

அடுத்த வருடம் தோட்டத்துக்குப் புது முகாமையாளர் வந்தார். கண்டியில் படித்த சிங்களப் பையன், நல்ல மாதிரி, தமிழும் ஓரளவு பேசுவார். முகாமையாளர் என்பதெல்லாம் பெயர்ப்பலகையில்தான். ஆட்களுக்கு அவரும் துரைதான். கொழுந்து பறிக்கிறவர்கள் எல்லாரும் பெண்களாக இருக்கும்போது கங்காணி மட்டும் ஏன் ஆண் என்று கேட்டவர் அவர். கேட்டதோடு நிற்காமல் கலாராணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒங்க பேச்சுக்குப் பொம்பளைங்க மரியாதை குடுக்குறாங்க தானே? நீங்கதான் இனிமே கங்காணி."

அன்று அவள் லயத்துக்கு ஓடித்தான் வந்தாள். நெற்றியில் கயிறு அழுத்திய தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். இனிக் கூடை இல்லை. மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், எந்த மலைக்கு யார் போவது என்று ஆள் பிரிக்கும் இடத்தில், துரைக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் தோட்டத்தில் கொடுத்த கறுப்புக் குடை. கூட்டத்தில் நின்ற பெரியாயி சத்தமாய்ச் சொன்னாள்.

"பாத்தீங்களாடி? குடைக்கார வீட்டுக்குக் குடை திரும்பி வந்திருச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். கலாராணியும் சிரித்தாள். பெரியாயி பக்கத்துக் காம்பராக்காரி. இருவருக்கும் நடுவில் ஒரே சுவர். உப்பு இல்லையென்றால், புளி இல்லையென்றால், மனது சரியில்லையென்றால் சுவரைத் தட்டுவார்கள். ஒரே வருடத்தில் கூடை தூக்கியவர்கள். எட்டு வயதில் ஒரே பலா மரத்திலிருந்து விழுந்தவர்கள்.

அதிகாரம் எப்படி ருசிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. முதல் மாதம் உத்தரவு போட அவளுக்கு நாக்கு எழவில்லை. இரண்டாவது மாதம் யாரோ ஒருத்தி 'கங்காணியம்மா' என்று கூப்பிட்டபோது கூச்சமாக இருந்தது. மூன்றாவது மாதம் ஒருத்தி 'அக்கா' என்றதும், 'ஏன் இவளுக்கு மட்டும் வாய் இப்படி?' என்று தோன்றியது. கொழுந்து செழித்த சமதரை நிறைகளை, செடி வரிசைகளை, சிலருக்குக் கொடுத்தாள். கால் வழுக்கும் சரிவுகள் மற்றவர்களுக்குப் போயின. யாருக்கு எது என்று யோசித்துச் செய்யவில்லை. ஆனால் வீட்டுக்கு ஈரப்பலாக்காயும் அவித்த மரவள்ளியும் கொண்டுவந்தவர்கள் சரிவுக்குப் போனதேயில்லை.

ஆவணியில் கச்சான் காற்று அடித்து மலை காய்ந்தது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடச் சொல்லி உத்தரவு வந்தது. அதாவது, குறித்த கிலோ வராதவளுக்கு அரை நாள் சம்பளம்தான். அன்று பெரியாயியின் கொழுந்து தராசில் குறைந்தது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிநேகிதிக்காக விட்டால் நாளை எல்லாரும் கேட்பார்கள் என்று கலாராணிக்குத் தோன்றியது.

"அரைப்பேர்," என்றாள்.

பெரியாயி கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். "சரிங்க, கங்காணியம்மா," என்றாள்.

அன்றிலிருந்து சுவர் ஊமையாகிவிட்டது.

அந்த வாரம் துரை அவளைப் பாராட்டினார். "ஆபீஸ்ல நாங்க நாலஞ்சு பேருதானே. மலையில அத்தனை பேரு. ஒங்கள மாதிரி ஆளு இல்லாட்டி இந்தத் தோட்டம் ஓடாது, கலாராணி." நல்ல மனதோடுதான் சொன்னார். அவளுக்கோ பாட்டன் விழித்திருந்த கதை அந்த இடத்தில்தான் திரும்ப நினைவுக்கு வந்தது. வீடு வரும் வழியெல்லாம் குடையை விரிக்காமல் நடந்தாள்.

"ஏங்க, நான் மாறிட்டேனா?" என்று இராசையாவிடம் கேட்டாள்.

அவன் போனை அணைத்தான். அப்படிச் செய்வது அபூர்வம். "மாறல. ஆனா என்கிட்டயும் நீ இப்ப பேசுறதில்ல, உத்தரவுதான் போடுற," என்றான்.

கார்த்திகையில் மழை பிடித்தது. பதுளை, பசறை, அப்புத்தளை என்று ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் மண் சரிந்த செய்தி. விடாத மழைக்குப் பிறகு ஒரு காலை வானம் வெளித்தது. கொழுந்து பச்சைப்பசேலென்று துளிர்த்து நின்றது. ஏழாம் நம்பர் மலைக்கு ஆள் போகவேண்டும். முன்னால் போன பெண்கள் திரும்பி ஓடிவந்தார்கள். மலையின் மேல் விளிம்பில் நிலம் பிளந்திருந்தது. கலாராணி ஏறிப்போய்ப் பார்த்தாள். கை நுழையும் அளவுக்கு வெடிப்பு, தேயிலை நிறைகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிற்று. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அவளுடைய பெரியம்மா மகள் மீரியபெத்தை மண்சரிவில் மண்ணுக்குள் போனவள். கலாராணி கொஸ்லந்தைப் பள்ளிக்கூடத்தில் மற்றச் சனங்களோடு உட்கார்ந்து, கிடைப்பாள் கிடைப்பாள் என்று காத்திருந்தாள். கிடைக்கவில்லை. அந்தச் சேற்று வாசம் இந்த வெடிப்பிலும் வந்தது.

துரைக்குப் போன் போட்டாள்.

"நேத்து மழையிலயே மண்ணு சரியல தானே? இன்னிக்கு வெயில்," என்றார் துரை. "கொழுந்து முத்திட்டா வீசணும். கொழும்புல இருந்து காலையிலேயே ரெண்டு தடவை போன் வந்திட்டுது. நான் என்ன சொல்றது? சீக்கிரம் பறிச்சிட்டு இறங்கச் சொல்லுங்க."

அவர் குரல் நடுங்கியது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. ஓ, இவருக்கும் மேலே ஒரு துரை இருக்கிறார். இவரும் ஒரு கங்காணிதான்.

திரும்பிப் பார்த்தாள். பெண்கள் வரிசையாய் நின்றார்கள், கூடை மாட்டியபடி. எல்லார் கண்ணும் அவள் வாயின் மேல். துரை மூன்று மைலுக்கு அப்பால் இருக்கிறார். கொழும்பு எங்கேயோ இருக்கிறது. இங்கே துப்பாக்கி இல்லை, குதிரை இல்லை, கப்பல் இல்லை. அவள் மட்டும்தான் நிற்கிறாள். "போங்க" என்று ஒரு சொல் சொன்னால் இத்தனை பேரும் அந்த வெடிப்புக்குக் கீழே இறங்குவார்கள். சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. பாட்டன் காலத்திலும் இவ்வளவுதானா? இந்த ஒரு சொல்லைச் சொல்ல ஆள் கிடைத்ததால்தானா அந்த ஒற்றை மனிதன் அவ்வளவு நிம்மதியாய்த் தூங்கினான்?

ஓர் அடி பின்னால் வந்தாள். வெடிப்புக்குப் பயந்தா, தனக்கே பயந்தா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"யாரும் எறங்க வேணாம்," என்றாள். "கூடைய எறக்கி வைங்க."

"தொரை கேட்டா?" என்றாள் ஒருத்தி.

"நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க."

முதலில் கூடையை இறக்கியவள் பெரியாயி. இறக்கி வைத்துவிட்டு, கலாராணி நின்ற இடத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். "வெடிப்பு எம்புட்டு அகலம்?" என்று கேட்டாள். மூன்று மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

துரை ஜீப்பில் வந்தார். சத்தம் போட்டார். பிறகு வெடிப்பு வரை ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு இறங்கினார். அன்று கொழுந்து பறிக்கவில்லை. மறுநாளும் பறிக்கவில்லை. அதிகாரிகள் வந்து முளை அடித்துக் கயிறு கட்டி, மழை விடும்வரை அங்கே ஆள் போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மலை சரியவில்லை. தை வந்தது, வெயில் வந்தது, ஏழாம் நம்பர் மலை அப்படியே நின்றது. "ஒண்ணும் ஆவல, வீணா பயந்தாச்சு," என்று அவளோடு உட்கார்ந்த பெண்களே சிலர் சொன்னார்கள். வீசிய கொழுந்துக்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. கலாராணியிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டார்கள். அவள் மறுபடி கூடையை மாட்டினாள். முதல் நாள் கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வலித்தது. பெரியாயி கோடாலித் தைலத்தோடு வந்து தேய்த்துவிட்டாள்.

"அரைப்பேர் போட்டப்ப என்னயத் திட்டியிருக்கலாம்ல?" என்றாள் கலாராணி.

"கங்காணிய எப்படித் திட்டுறது? கலான்னா செவுத்த ஒடச்சிக்கிட்டு வந்து திட்டியிருப்பேன்."

சித்திரை கழிந்து அந்தத் துரை மாற்றலாகிப் போனார். பழைய துரை பங்களாவை எல்ல என்கிற ஊர்ப் பக்கத்து முதலாளி ஒருவர் குத்தகைக்கு எடுத்து உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அடுத்து வந்த துரை தங்க இடமில்லாமல் பண்டாரவளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறார். ஆள் நிர்வாகம் தெரியாமல் அவர் திணறியபோது, பழைய கங்காணி யாரென்று விசாரித்து, கலாராணியைத் திரும்பக் கூப்பிட்டார்.

அவளுக்குப் போக விருப்பமில்லை. "எனக்கு என்னய நம்ப முடியல புள்ள," என்று பெரியாயியிடம் சொன்னாள்.

"நீ போவாட்டி வேற ஒருத்தி போவா. அவ எறக்கி வைன்னு சொல்லுவாளா?" என்றாள் பெரியாயி. "போ. ஆனா இனிமே எந்த மலைக்கு யாருன்னு நீ மட்டும் முடிவு பண்ணாத. எங்களையும் கேளு."

அதைத்தான் அவள் இப்போது செய்து பார்க்கிறாள். சரிவும் சமதரையும் முறை வைத்து மாறுகின்றன. முறை யாருடையது என்பதில் காலையில் ஒரே சண்டை. பெரட்டு முடிய முன்னைவிட நேரமாகிறது, புதுத் துரை கடிகாரத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார். போன வாரம் பெரியாயி, தன் முறை தவறிவிட்டதென்று களத்தின் நடுவில் நின்று கலாராணியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். கலாராணியும் விடவில்லை, பதிலுக்குக் கத்தினாள். அதற்குள் மற்றப் பெண்கள் யார் சொல்லுக்கும் காத்திராமல் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.