கரை தண்ணி காட்டுது: எண்ணூரில் ஒரு நாள்

மலைக்காரனுக்கு எண்ணூரில் என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். கோத்தகிரிப் பக்கம், கைவிட்ட கல்குவாரி ஒன்றைச் சரியாமல் கட்டி, புல்லும் மரமும் வளர்க்கும் வேலைக்கு நான் மேற்பார்வையாளன். சரிவின் காலடியில் ஒன்பது வீடுகள். எண்ணூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டையைச் சுற்றி, வெறும் சாம்பலிலேயே எழுப்பிய கரை எப்படி நிற்கிறது என்று வந்து பார் என்றார், அங்கே காண்டிராக்ட் எடுத்திருந்த நண்பர். 2008 அக்டோபரில், மழைக்கு முன் கிளம்பினேன்.

சென்ட்ரலில் இறங்கி, பக்கத்துப் புறநகர் நிலையத்தில் ஏழே காலுக்குக் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்தேன். டிக்கெட் ஆறு ரூபாய், முக்கால் மணி நேரம். எண்ணூர் டீக்கடையில் எல்லோரும் கிளாஸைக் கையால் மூடிக்கொண்டே குடித்தார்கள். மூடாமல் குடித்த நான் சாம்பலையும் சேர்த்துக் குடித்தேன். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.

தினமும் கரையைச் சுற்றிப் பார்த்து வரும் வேலை ஏழுமலைக்கு. வியாசர்பாடிக்காரர். நடக்கும்போதே, இந்த மூலையில் கரை தண்ணி காட்டுது என்றார். யாருக்கு, உங்களுக்கா, கலெக்டருக்கா என்று கேட்டுச் சிரித்தேன். கரை போக்குக் காட்டி ஏய்க்கிறது என்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

“இன்னா சார் சிரிக்கிற? நெசமா தண்ணி சார். வந்து பாரு.”

கரையின் அடியில் கல் அடுக்கியிருந்த இடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. அவர் ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார்.

“தெளிவா வந்துகினு கீது, பயம் இல்ல. சாம்பலோட கலங்கலா வந்தா பேஜாரு. மழையில ஒண்ணுமே வரலன்னா அத்தவிட பேஜாரு. உள்ளயே நின்னுகினு கரைய தள்ளும்.”

எனக்கு எங்கள் குவாரிச் சரிவு நினைவுக்கு வந்தது. வாசலில் சேறு ஓடுகிறது என்று அந்த ஒன்பது வீட்டுக்காரர்கள் முறையிட்டபோது, பாவப்பட்டு, சரிவைத் தாங்கும் எங்கள் தடுப்புச் சுவரின் வடிகுழாய்களைச் சிமென்ட் வைத்து அடைக்கச் சொன்னவன் நான்தான். சுவரில் சொட்டு ஈரம் இல்லை என்று பெருமை வேறு.

அங்கிருந்தே கோத்தகிரியில் இருந்த எங்கள் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். அங்கே இரண்டு நாளாக மழையாம். வீடுகளைக் காலி செய்யச் சொல்லி, குழாய்களின் சிமென்ட் அடைப்பை உடைக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஏழுமலை என்னைத் தனியாக விடவில்லை. தான் கொண்டுவந்திருந்த குடிதண்ணீரைக் குடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் மேஸ்திரி கூப்பிட்டார். முதல் குழாயிலேயே செம்மண் தண்ணீர் பீய்ச்சி அடித்து ஆளையே நனைத்துவிட்டதாம். மூன்றாம் நாள்தான் தெளிந்தது. சேறு வாசலுக்குப் போகாதபடி தனிக் கால்வாய் வெட்டிக் கொடுத்தோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது அதுதான்.

போகிறவர்களுக்கு: கரைக்குப் போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், காலையிலேயே போய்விடுங்கள், மூக்கை மூடத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் காய்ந்து நிற்கும் சுவரைப் பார்த்தால் மெச்சாதீர்கள்.

இப்போதும் மலையில் மழை பிடித்தால் மேஸ்திரியிடம் ஒன்றுதான் கேட்கிறேன், தண்ணி காட்டுதா என்று. காட்டுது சார் என்று அவர் சொன்ன பிறகுதான் சோறு இறங்குகிறது.