காலை எடுத்தாலும் சுற்றும் மிதி

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் அறிவித்திருந்தபோது, எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். பெரியவர்கள் முகமெல்லாம் சுருங்கிப் போயிற்று. சித்தப்பா மட்டும் வேலிக்குள்ளேயே ஒரு சர்க்கஸ் தொடங்கிவிட்டார். பட்டறையில் ஆளைப் பிடித்துத் தன் சைக்கிளின் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைத் தனியே சுழலாதபடி பற்றவைத்துக்கொண்டார். அதன்பிறகு சக்கரம் சுற்றினால் மிதியும் சுற்றும். பின்பக்கம் மிதித்தால் வண்டி பின்னாலேயே போகும். கைப்பிடியை முழுச்சுற்றுச் சுற்ற இடைஞ்சல் என்று பிரேக்கையும் கழற்றி எறிந்தார். வேலிக் கதவில் காவல் நின்ற இளவயது மலாய்க்காரக் கான்ஸ்டபிள்தான் அவருடைய முதல் ரசிகர்.

அப்பாவுக்கு இந்தக் கூத்து ஆகாது.

"கடைக்குப் போயி ஒரு தேங்கா வாங்கியார லாயக்கில்லாத வண்டி எதுக்குடா? வித்துப்புடு."

"யாரு சொன்னா? நம்ம பாப்பாகூட ஓட்டும்லா, அண்ணே. ஞாயித்துக்கெழம காட்றேன் பாருங்க."

அந்தப் பாப்பா நான், வயது ஒன்பது. வண்டி வீட்டில் தங்குவது என் காலில் இருந்தது. சித்தப்பா இருக்கையை இறக்கினார், கூடை வைக்கப் பின்னால் ஒரு கேரியர் மாட்டினார். பிரேக்கை அடுத்த வாரம் பத்தாங் பெர்ஜுந்தாய் டவுன் கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வேகம் குறைய வேண்டுமானால் மிதியை எதிர்த்து அமுக்க வேண்டும், காலை மட்டும் எடுக்கவே கூடாது என்பது பாடம். சமதரையில் நன்றாகவே ஓட்டினேன். எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பாவுக்கு ஆசை முற்றிவிட்டது. வேலிக்குள்ளேயே இருந்த துரை பங்களா மேட்டிலிருந்து இறங்கிப் பார்க்கலாம் என்றார். கேரியரைப் பிடித்தபடி கூடவே ஓடிவந்தவர், பாதி இறக்கத்தில் கைலி தடுக்கி விழுந்தார். மிதி என் காலை இழுத்துச் சுழற்றியது. பயந்துபோய் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கைப்பிடிமேல் கவிழ்ந்துவிட்டேன். அப்புறம் வண்டி இஷ்டம்தான்.

நேர் எதிரே வேலிக் கதவு. ஊரடங்கு தொடங்கிவிட்டது, கடைசி லோரி அப்போதுதான் உள்ளே வந்திருந்ததால் கதவை இன்னும் சாத்தவில்லை. அந்த நேரத்தில் வெளியே ஓடுகிறவர் யாரானாலும் சுடலாம் என்று உத்தரவு. மங்கிய வெளிச்சத்தில் கான்ஸ்டபிள், "பெர்ஹெந்தி! நில்லு!" என்று கத்தினார். எப்படி நிற்பது? அவர் துப்பாக்கி தோளுக்கு ஏறியதைப் பார்த்தேன். சித்தப்பா மேட்டிலிருந்து, "புடாக்! புடாக்! சின்னப் புள்ள!" என்று மலாயும் தமிழுமாக அலறினார். இவ்வளவு வேகமாக ஓட்டுகிறவளைச் சின்னப் பிள்ளை என்கிறாரே என்று எனக்குக் கோபமாக வந்தது.

வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. கதவைத் தாண்டி லாலாங் புல்லுக்குள் போய் விழுந்தேன். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. ஓடிவந்த அம்மா முதலில் ஓர் அறை கொடுத்தார், பிறகு மூச்சு முட்டக் கட்டிக்கொண்டார். அப்பா சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். விற்கும் பேச்சையே எடுக்கவில்லை. வண்டி தப்பித்தது என்று என் மனசு குளிர்ந்துவிட்டது.

கான்ஸ்டபிள் கதவோரம் குந்தியிருந்தார். வாயில் சிகரெட். தீக்குச்சியைக் கிழிப்பதும், அது முறிந்து விழுவதும், இன்னொன்றை எடுப்பதுமாக இருந்தார். கடைசியில் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து பற்றவைத்துக் கொடுத்தார். ஒரு தீக்குச்சி கிழிக்கத் தெரியாதவரையா காவலுக்கு வைப்பார்கள் என்று வீடு வரை அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தேன். அம்மா சிரிக்கவில்லை, என் கையையும் விடவில்லை.