ஃபேனைக் கழற்றிய கார்

என்னிடம் இருந்தது இரண்டு கதவு கார். முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழும். கவிழ்த்துவிட்டால் மேஜை மேல் வைத்த சாமான் மாதிரி எஞ்சின் மூன்று பக்கமும் தெரியும். சின்ன எஞ்சின்தான். ஆனால் கை வைக்க இடமுள்ள எஞ்சின். அதில் கை வைத்ததுதான் தப்பு என்று என் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள்.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. செல்லூரில் எனக்கு ஆறு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. பத்தாவதோடு படிப்பு முடிந்துவிட்டது. தறியில் பெல்ட் ஏன் வழுக்குகிறது, நூலோடு ஓடுகிற நாடா ஏன் தாண்டி விழுகிறது என்று பார்த்துப் பார்த்து மெஷின் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. கார் எங்கள் சந்துக்குள் நுழையாது என்பதால் இரண்டு தெரு தள்ளி ஒரு பாயின் லேத் பட்டறையில் நிற்கும். பாய் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நானும் அதிகம் பேசமாட்டேன், அவரும் பேசமாட்டார். அதனால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது.

நூல் வாங்க மெட்ராஸ் போயிருந்தபோது ஒரு கூட்டாளி கார் பந்தயம் பார்க்க அழைத்துப் போனான். ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளம் ஒன்றில் நடந்தது. அங்கே என் காரைப் போலவே ஒரு கார், அதே நிறம்கூட, என்னால் நம்ப முடியாத வேகத்தில் போனது. அது திரும்பி வந்து நின்றதும் பக்கத்தில் போய் நின்றேன். வாய் திறந்து கேட்கத் தைரியம் வர அரை மணி நேரம் ஆனது. ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் இல்லையே என்று கேட்டேன். மெக்கானிக் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"ஓடுற வண்டிக்கு எதுக்கு சார் ஃபேனு? அது சும்மா சுத்துறதுக்கே பவரைத் தின்னும். காத்தே போதும்."

ஊர் திரும்பியதும் வேலையை ஆரம்பித்தேன். முடிய ஒன்றரை வருஷம் ஆனது. சிலிண்டரை உள்ளே கடைந்து ரீபோர் செய்து புதுப் பிஸ்டன் போட்டோம். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டின் அடிப்பக்கத்தைப் பாய் மயிரிழை மயிரிழையாக இழைத்து எடுத்தார். ஹெட் மெலிந்தால் உள்ளே அழுத்தம் கூடும், அடி பலமாக இருக்கும். பழைய இரும்புக் கடையில் இன்னொரு கார்புரேட்டர் கிடைத்தது. இரண்டும் ஒரே அளவில் மூச்சு இழுக்கிறதா என்று ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்பேன். ஒன்று சரியானால் மற்றது கெடும். இப்படியே பல சாயங்காலங்கள் போயின. தறியில் என்னைத் தேடி வருபவர்களிடம் வேலையாட்கள், "முதலாளி வைத்தியம் பாக்கப் போயிருக்காரு" என்று சொல்வார்களாம்.

கடைசியாக ஃபேன். நான்கு போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். வந்தது. ஆனால் அதை மாட்டுகிற இரும்புத் துண்டு எஞ்சினின் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. சும்மா சுற்றுகிற எடை அது. அதையும் சீவி எடுத்துவிடச் சொன்னேன்.

பாய் மெஷினை நிறுத்தினார். "தம்பி, சீவுனா சீவுனதுதான். நாளைக்கு ஃபேன் வேணும்னு வந்து நிக்கக் கூடாது."

"வேணாம் பாய்" என்றேன்.

ரீபோர் செய்த எஞ்சினை உடனே விரட்டக் கூடாது. ஆயிரம் மைல் வரைக்கும் மணிக்கு முப்பத்தைந்து மைலுக்கு மேல் போகாமல் ஓட்டிப் பழக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திருச்சி ரோட்டில் மேலூர் தாண்டி, கொட்டாம்பட்டி வரை போய்த் திரும்புவேன். போக வர அறுபது மைல் சொச்சம். பதினாறு ஞாயிறு போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதற்கடுத்த ஞாயிறு, மேலூர் தாண்டியதும் வருகிற நேர் ரோட்டில் முழுக்க மிதிக்க வேண்டும். எண்பதைத் தொட வேண்டும். அந்த ஒன்றரை வருஷமும் நான் ஆசைப்பட்டது அந்த ஒரு ஞாயிற்றுக்குத்தான்.

முப்பத்தைந்தில் போகிற காரை ரோட்டில் ஒருவரும் மதிப்பதில்லை. நெல் மூட்டை ஏற்றிய லாரி முந்திப் போகும். ஒரு பஸ் எல்லா ஞாயிறும் அதே நேரத்தில் என்னைப் பிடிக்கும். அதன் கண்டக்டர் பின்படியில் தொங்கிக்கொண்டு ஏதாவது சொல்லாமல் போனதில்லை. "அண்ணே, எறங்கித் தள்ளவா?" என்றார் ஒரு நாள். இன்னொரு நாள், "மாட்டக் கழட்டி எங்கண்ணே வுட்டீக?" பஸ்ஸுக்குள் சிரிப்பார்கள். எனக்குக் காது சூடாகும். இடது ஓரமாகவே போவேன். பதினேழாவது ஞாயிறு இதே பஸ்ஸை முந்தும்போது அந்த ஆள் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

காலை நேரம், காற்று, ஓடிக்கொண்டே இருக்கிற வண்டி. எஞ்சின் ஒரு நாளும் சூடாகவில்லை. ஊருக்குள் ரயில்வே கேட் மூடியிருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஃபேன் இல்லாத குறையே தெரியவில்லை.

பத்தாவது ஞாயிறு வாக்கில் ஆனையூரிலிருந்து அக்காவும் மச்சானும் வந்தார்கள். அவர்களுடைய மூத்த மகனுக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பெண் வீடு செல்லூர்தான். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் மாப்பிள்ளை அழைப்பு. தாய்மாமன் காரில், தாய்மாமனே ஓட்டி வர வேண்டும். கேட்கவில்லை, சொல்லிவிட்டுப் போனார்கள்.

மேளக்காரர்களின் பின்னால் மூன்று தெரு, நடக்கிற வேகத்தில். அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குக் காற்றே வராது.

அடுத்த வாரம் ஆனையூர் போனேன். வண்டியில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று இழுத்தேன். அதற்குத்தான் ஒன்றரை மாதம் கிடக்கிறதே, பார்த்து முடி என்றார் மச்சான். மறுபடி போனேன். இந்தத் தடவை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பெரிய திறந்த காராக வாடகைக்குப் பிடித்து என் செலவில் அனுப்புகிறேன் என்று சொல்லியும்விட்டேன்.

"ஏன் மாப்ள, தாய்மாமன் வீட்டுல காரு நிக்கும்போது எம்மகன வாடகைக் காருல ஏத்துனா பொண்ணு வீட்டுக்காரன் என்ன கேப்பான்? மாமன் மச்சானுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லையான்னு கேக்க மாட்டான்?"

அக்கா காப்பியை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. மூன்றாவது தடவை போனபோது வாழையிலைக் கட்டும் நான்தான் ஏற்றி வருவது என்று ஒப்புக்கொண்டு திரும்பினேன்.

ஃபேனைக் கழற்றிவிட்டேன் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். ஏன் கழற்றினாய் என்று கேட்பார்கள். வேகமாகப் போக என்பேன். எங்கே போக என்று கேட்பார்கள்.

பாயிடம் போய் நின்றேன். சீவியதை ஒட்ட முடியாது, புதுத் துண்டு வரவழைக்க வேண்டும், எஞ்சினை இறக்காமல் மாட்டவும் முடியாது என்றார். வந்து நிற்கக் கூடாது என்று முன்பு சொன்னதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. அதுவே எனக்கு என்னவோ போல் இருந்தது. எஞ்சினை இறக்க மனசில்லாமல், மூன்று தெருதானே, சமாளித்துவிடலாம் என்று விட்டுவிட்டேன். அங்கங்கே எஞ்சினை நிறுத்திக்கொண்டு இளவட்டங்களைத் தள்ளச் சொல்லலாம் என்று திட்டம்.

மாப்பிள்ளை அழைப்பு நடந்த சனிக்கிழமை மைல்மீட்டரின்படி ஆயிரத்துக்கு இன்னும் முப்பது பாக்கி.

பூ அலங்காரம் செய்பவர் மல்லிகைச் சரத்தை நெருக்கமாகக் கட்டி, முன்பக்கக் காற்று வழி முழுவதையும் தட்டி மாதிரி மூடியிருந்தார். கொஞ்சம் இடைவெளி விடுங்கள் என்று மெதுவாகக் கேட்டேன். "மொகத்துல ஓட்ட விட்டா லட்சணமா இருக்காதுண்ணே" என்று இன்னும் இரண்டு சரத்தைக் கட்டினார்.

அக்கா மகன் கோட்டும் மாலையுமாகப் பின்சீட்டில் உட்கார்ந்தான். நாகசுரமும் தவிலும் முன்னால் போக, இளவட்டங்கள் ஆட ஆரம்பித்தார்கள். முதல் கியரில் விட்டாலும் கார் மேளக்காரர்களை இடித்துவிடும் போலிருந்தது. கிளச்சை மிதித்து மிதித்து விட்டேன். முதல் தெரு முனையில் அரை மணி நேரம் நின்று வாசித்தார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, கிளம்பும்போது தள்ளச் சொல்லிப் பக்கத்தில் வந்தவரிடம் சொன்னேன். மச்சானின் பெரியப்பா ஒருவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மாப்பிள்ள வண்டியத் தள்ளுறதாவது. நல்ல காரியத்துல அபசகுனமாப் பேசாத. வண்டிய உறும விடு."

உறும விட்டேன். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டாவது தெருவில் சிவப்பைத் தொட்டது. மூன்றாவது தெரு திரும்பும்போது மல்லிகை வேகிற வாசம் வந்தது. பிறகு பூத்தட்டியின் இடுக்கு வழியாக ஆவி சீறியது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு இன்னும் உற்சாகமாக ஆடினார்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி முன்பக்கத்தைக் கவிழ்த்தேன். சரமெல்லாம் அறுந்து தெருவில் விழுந்தது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் ஆகாது. அது எனக்குத் தெரியும். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது, அவ்வளவுதான். அதற்குள் மச்சான் பக்கத்து வீட்டில் பித்தளைக் குடம் நிறைய அடிபம்புத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார்.

"வேணாம் மச்சான், பொறுங்க" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. தவில்காரர் எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். மச்சான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். அக்கா புருஷன், மகன் கல்யாணம், நூறு பேர் பார்க்கிறார்கள். நான் பிடிக்கவில்லை.

"பாத்துக்கிட்டே நிக்கிற? அதுக்குத் தாகம் மாப்ள" என்று சொல்லிக்கொண்டே முழுக் குடத்தையும் ஊற்றினார்.

உள்ளே டிக் என்று ஒரு சத்தம். அந்தத் தவில் சத்தத்திலும் அது எனக்குக் கேட்டது.

அதன்பிறகு எஞ்சின் பிடிக்கவில்லை. மச்சான் சொன்னதால் நான்கைந்து தடவை சாவியைத் திருகி எஞ்சினைச் சுற்றவிட்டுப் பார்த்தேன். அதையும் செய்திருக்கக் கூடாது. மாப்பிள்ளை இறங்கி நடந்தே போனான். போகும்போது என் தோளைத் தொட்டு, "விடுங்க மாமா, இந்தக் கோட்டுல வெந்து போயிருந்தேன், நடந்தா கொஞ்சம் காத்து வரும்" என்றான். நல்ல பையன். பெண் வீட்டார் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் பந்தியில் என் இலைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் எல்லாரும் காரைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருவர் கண் பட்டுவிட்டது என்றார். பூசணிக்காய் உடைக்காததுதான் காரணம் என்றார் இன்னொருவர். பழைய காரை வைத்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்டுகிறாய் என்றார் மச்சானின் பெரியப்பா. எல்லாருக்கும் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை பாய் ஹெட்டைக் கழற்றினார். இரண்டு வால்வுகளின் நடுவில் தலைமுடி போல ஒரு விரிசல். அவர் அரும்பாடுபட்டு இழைத்த ஹெட். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வார்ப்பு இரும்பு தம்பி, பத்தவச்சாலும் நிக்காது" என்றார். விரிசல் வழியே தண்ணீர் எண்ணெயில் கலந்திருந்தது. அதோடு சுற்றியதில் பேரிங்கும் சிலிண்டரும் கீறிக் கிடந்தன. மறுபடி ரீபோர். மறுபடி ஆயிரம் மைல், முதலிலிருந்து.

மெல்லிய ஹெட் ஒன்று செய்வதற்குப் பாய்க்கும் மனமில்லை, எனக்கும் தெம்பில்லை. பழைய இரும்புக் கடையில் கம்பெனி அளவு ஹெட் ஒன்று எடுத்தோம். அது வந்த வாரமே மச்சான் பட்டறைக்கு வந்தார். தண்ணீர் ஊற்றியதைப் பற்றி அவருக்கு நினைவே இல்லை. சின்னவனுக்கும் தை மாதம் பார்த்திருக்கிறோம், வண்டியை நன்றாக ரெடி பண்ணிவிடு, போன தடவை மாதிரி ஆகிவிடக் கூடாது என்று சொல்லிவிட்டு, பாய் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

நான் சரி மச்சான் என்றேன். பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"ஃபேனு எத்தன எலையில போடுறது தம்பி?"

"இருக்கதுலயே பெருசா போடுங்க பாய்."

ஆறு இலை ஃபேன் வந்தது. ரேடியேட்டரையும் தடிமனாக மாற்றினோம். மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பத்தைந்தில் கிளம்பினேன். முதல் வாரமே அந்தப் பஸ் பிடித்துவிட்டது.

"என்னண்ணே, இன்னும் போய்ச் சேரலயா?"

இல்லை, இன்னும் தொள்ளாயிரத்து எழுபது மைல் இருக்கிறது என்று சொன்னேன். அதற்குள் பஸ் வெகுதூரம் போயிருந்தது.

ஆயிரம் முடிந்த அடுத்த ஞாயிறு, மேலூர் தாண்டிய நேர் ரோட்டில் மிதித்தேன். ஃபேன் போட்ட சத்தத்தில் ஆறு தறியும் ஒரே நேரத்தில் ஓடுவது போலிருந்தது. முள் அறுபத்திரண்டு வரை போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. பஸ்ஸை முந்தினேன். முந்தும்போது திரும்பிப் பார்த்தேன். பின்படியில் வேறு ஒரு கண்டக்டர் நின்றிருந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே யாருக்கோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

கொட்டாம்பட்டியில் ஒரு டீ குடித்தேன். சின்னவன் கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. வண்டியை விரட்டிக் கெடுத்துவிடக் கூடாது என்று முப்பத்தைந்திலேயே திரும்பி வந்தேன்.